பழைய கணினிகளைக் காக்கும் மென்பொருளுக்கு எந்த உரிமம்? முதல்முறை வெளியிடுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய சொல்செயலியில் தட்டச்சு செய்த கோப்புகளைத் திறக்க வேண்டியிருந்தது. அந்தச் சொல்செயலி ஓடிய இயந்திரம் இப்போது எங்கும் இல்லை. தேடியதில், யாரோ ஒருவர் எழுதி வைத்த சின்னக் கருவி கிடைத்தது. நன்றாகவே வேலை செய்தது, ஒரு வகைக் கோப்பில் மட்டும் பாதியில் நின்றுவிட்டது. பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தினேன். திருத்தியதை மற்றவர்களுக்கும் கொடுக்கலாம் என்று பார்த்தால், நிரலோடு உரிமம் எதுவும் இல்லை. எழுதியவருக்கு அனுப்பிய மின்னஞ்சல் திரும்பி வந்தது. கடைசியில் அந்தக் கோப்பு வடிவத்தை நான் குறிப்பாக எழுதிக் கொடுக்க, மூலநிரலைப் பார்க்காத ஒரு நண்பர் முதலிலிருந்து வேறொரு கருவி எழுதினார். ஒரே ஒரு உரிமக் கோப்பு இருந்திருந்தால் அத்தனை மாத உழைப்பும் மிச்சமாகியிருக்கும்.

உரிமம் போடாமல் விட்டால் ‘யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்’ என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் சொல்வது நேர்மாறு. பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில், எழுதிய நொடியிலேயே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. எழுதியவரின் ஆயுள் முழுதும், அவருக்குப் பின் குறைந்தது 50 ஆண்டுகளும் அது நீடிக்கும். பல நாடுகளில் 70 ஆண்டுகள். ஒரு ஃப்ளாப்பியின் காந்தப் பூச்சு அவ்வளவு காலம் தாங்காது. பதிப்புரிமை முடியும்வரை காத்திருந்தால், காப்பாற்ற எதுவும் மிஞ்சாது.

அதனால் எமுலேட்டர் (பழைய இயந்திரம்போல நடிக்கும் நிரல்), பழைய வட்டுகளைப் படிக்கும் கருவி, கோப்பு மாற்றி, கைவிடப்பட்ட அச்சுப்பொறிக்கான டிரைவர் போன்றவற்றுக்கு உரிமம் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: என்னைத் தொடர்புகொள்ளவே முடியாத ஒருவர், முப்பது ஆண்டுகள் கழித்து, யாரிடமும் அனுமதி கேட்காமல் இதைத் தொடர முடியுமா? கீழே வரும் படிகளெல்லாம் இந்தக் கேள்வியிலிருந்து வருபவை. நான் வழக்கறிஞன் இல்லை. பெரிய நிறுவனத்தின் ரோம் (இயந்திரத்தின் சில்லில் பதிந்த நிரல்) அல்லது வழக்கு வரக்கூடிய விஷயம் உங்கள் திட்டத்தில் இருந்தால் சட்டம் தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

முதல் படி: எது உங்களுடையது என்று பிரியுங்கள்

உங்களுக்குச் சொந்தமானதற்கு மட்டுமே நீங்கள் உரிமம் தர முடியும். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் பழைய தொழில்நுட்பத்தைத் தொடும் திட்டங்களில் பெரும்பாலான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. எனவே ஒரு தாளை எடுத்து, உங்கள் கோப்புறையில் உள்ள எல்லாவற்றையும் நான்கு குவியலாகப் பிரித்து எழுதுங்கள்.

நீங்களே எழுதியது முதல் குவியல். இதில் ஒரு எச்சரிக்கை: வேலை நேரத்தில் எழுதியதோ, அலுவலகக் கணினியில் எழுதியதோ இருந்தால், உங்கள் ஒப்பந்தத்தைப் படியுங்கள். அது முதலாளியுடையதாக இருக்கலாம்.

மற்றவர்களின் திறமூல நிரலிலிருந்து (யாரும் பார்த்து, மாற்றி, பகிரலாம் என்ற உரிமத்தில் வந்தது) எடுத்தது இரண்டாவது. அதைப் பற்றி அடுத்த படியில்.

மூன்றாவது, அசல் நிறுவனத்தின் பொருள்: ரோம், பயாஸ் (கணினியைத் தொடக்கி வைக்கும் நிரல்), எழுத்துரு, விளையாட்டுத் தரவு, கையேட்டின் பக்கங்கள். நிறுவனம் மூடிப் போயிருந்தாலும் உரிமை எங்கோ ஒருவரிடம் இருக்கும். ‘கைவிடப்பட்ட மென்பொருள்’ என்று நாம் பேச்சில் சொல்கிறோமே தவிர, அப்படி ஒரு சட்ட நிலை கிடையாது. சில நேரம் உரிமையாளர் பெருந்தன்மையாக நடந்துகொள்வார். சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் கணினியின் உரிமையை வைத்திருந்த ஆம்ஸ்ட்ராட், அதன் ரோம்களை எமுலேட்டர்களோடு சேர்த்துத் தரலாம் என்று 1999-இல் அனுமதித்தது. ஆனால் பதிப்புரிமையை அது விட்டுக்கொடுக்கவில்லை. அதனால்தான் டெபியன் லினக்ஸ் இயக்குதளம் அந்த ரோம்களைத் தன் முதன்மைத் தொகுப்பில் சேர்க்காமல், திறமூலம் அல்லாதவற்றுக்கான ‘நான்-ஃப்ரீ’ பகுதியில் வைத்தது. அனுமதி வேறு, திறமூல உரிமம் வேறு. இந்தக் குவியலை உங்கள் நிரலோடு கலக்காதீர்கள். பயனர் தன் இயந்திரத்திலிருந்து எடுத்த ரோமைத் தானே கொண்டு வரட்டும்.

இப்படிப் பிரித்து வைப்பதால் என்ன நன்மை என்பதற்கு டூம் விளையாட்டு நல்ல எடுத்துக்காட்டு. ஐடி சாஃப்ட்வேர் 1997 டிசம்பரில் அதன் மூலநிரலை வெளியிட்டபோது, டாஸ் பதிப்பின் ஒலி நூலகம் வேறொருவருக்குச் சொந்தம் என்பதால் அதை விட்டுவிட்டுத்தான் கொடுத்தது. 1999-இல் நிரல் ஜிபிஎல் உரிமத்துக்கு மாறியது; மாற்றி வெளியிடுபவரும் தன் நிரலை அதே உரிமத்தில் திறந்தே தர வேண்டும் என்று கேட்கும் உரிமம் அது. விளையாட்டின் படங்களும் ஒலிகளும் நிலைகளும் அப்போதும் நிறுவனத்திடமே இருந்தன. அதற்கு மாற்றாக ஃப்ரீடூம் என்ற திட்டம் எல்லாத் தரவையும் புதிதாக உருவாக்கி, பதிப்புரிமைக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு எப்படியும் பயன்படுத்தலாம் என்கிற தளர்வான பிஎஸ்டி உரிமத்தில் கொடுத்தது. நிரல் ஒரு பக்கம், தரவு ஒரு பக்கம் என்று கோடு தெளிவாக இருந்ததால்தான் இது முடிந்தது.

நான்காவது குவியல்தான் மிகவும் வழுக்கும். பழைய நிரலை டிஸ்அசெம்பிள் செய்து (இயந்திர மொழியிலிருந்து படிக்கும் வடிவுக்குப் பிரித்து), மாறிகளுக்குப் பெயர் வைத்து, அழகாக சி மொழியில் மாற்றி எழுதியிருப்பீர்கள். உழைப்பு உங்களுடையது, ஆனால் அது அசல் நிரலிலிருந்து பிறந்த படைப்பு. அதன் மேல் எம்ஐடி (பிஎஸ்டி போன்ற இன்னொரு தளர்வான உரிமம்) ஒட்டினால் அந்த ஒட்டுக்கு மதிப்பில்லை. தவிர, அதை நம்பி எடுத்தவர்களையும் சிக்கலில் இழுத்துவிடும். இதற்கு வழி, 1980-களில் ஐபிஎம் பிசியின் பயாஸுக்கு மாற்று எழுதியவர்கள் கையாண்டதுதான்: ஒரு குழு அசலைப் படித்து, அது என்ன செய்கிறது என்று விவரக் குறிப்பு எழுதும். அசலைப் பார்த்தேயிராத இன்னொரு குழு அந்தக் குறிப்பை மட்டும் வைத்து நிரல் எழுதும். நானும் நண்பரும் செய்தது இதன் சிறிய வடிவம். இரண்டே பேர் இருந்தாலும் போதும். யார் எதைப் பார்த்தார்கள் என்று எழுதி வையுங்கள்.

இரண்டாம் படி: எடுத்தவை ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகின்றனவா?

இரண்டாவது குவியலில் உள்ள ஒவ்வொரு கோப்புக்கும் என்ன உரிமம் என்று எழுதுங்கள். ஒரே ஒரு கோப்பு ஜிபிஎல் என்றாலும், நீங்கள் வெளியிடும் முழு நிரலும் ஜிபிஎல் விதிகளுக்கு உட்பட வேண்டும். அப்போது தேர்வு பாதி முடிந்துவிட்டது என்றே சொல்லலாம். அப்பாச்சி 2.0 நிரலை ஜிபிஎல் 3-உடன் சேர்க்கலாம், ஜிபிஎல் 2-உடன் மட்டும் சேர்க்க முடியாது. ‘ஜிபிஎல் 2 மட்டும்’ என்று இருப்பதையும் ஜிபிஎல் 3-ஐயும் ஒன்றாக்க முடியாது.

பழைய நிரல்களில் கூடுதலாக ஒரு பொறி உண்டு. பழைய யூனிக்ஸ் இயக்குதளத்தின் முதல் ஏழு பதிப்புகளையும் 32வி பதிப்பையும் கால்டெரா நிறுவனம் 2002-இல் திறந்துவிட்டது. அந்த உரிமம் பிஎஸ்டியின் பழைய நான்கு பிரிவு வகை. விளம்பரங்களில் அசல் உரிமையாளரைக் குறிப்பிட வேண்டும் என்ற பிரிவு அதில் இருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் தன் பிஎஸ்டி நிரல்களிலிருந்து அந்தப் பிரிவை 1999-இலேயே நீக்கிவிட்டது, ஆனால் கால்டெராவின் உரிமத்தில் அது நிற்கிறது. அப்படிப்பட்ட கூடுதல் நிபந்தனையை ஜிபிஎல் ஏற்காததால் அந்த யூனிக்ஸ் நிரலின் துண்டை ஜிபிஎல் திட்டத்தில் ஒட்ட முடியாது.

இன்னொன்று: பழைய வட்டுத் தொகுப்புகளில் ‘பப்ளிக் டொமைன்’ என்று எழுதியிருந்தால் அப்படியே நம்பிவிடாதீர்கள். இலவசமாகக் கைமாறியது, பத்திரிகையில் அச்சானது, ஷேர்வேர் (பயன்படுத்திப் பார்த்துப் பிறகு பணம் கட்டும் நிரல்) என்று எல்லாவற்றையும் அந்தக் காலத்தில் அப்படி அழைப்பது வழக்கம். எழுதியவரே உரிமையைத் துறந்ததாக ஒரு வரி கிடைத்தால்தான் அது பொதுவுடைமை.

மூன்றாம் படி: செய்திருப்பது எந்த வகைப் பொருள்?

‘எது சிறந்த உரிமம்?’ என்று கேட்பவர்களுக்கு என் பதில், ‘அதை யார் எப்படிச் சுமந்து செல்வார்கள்?’ என்ற கேள்விதான்.

கோப்பு வடிவத்தைப் படிக்கும் நூலகம், வட்டுப் பிம்பத்தை (வட்டின் முழுப் பிரதியான கோப்பு) பிரிக்கும் சின்னக் கருவி, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக் குறியாக்கத்தை மாற்றும் நிரல் போன்றவற்றுக்கு எம்ஐடி அல்லது பிஎஸ்டி போன்ற தளர்வான உரிமத்தையே பரிந்துரைப்பேன். இங்கே நாம் காப்பது ஓர் அறிவை: அந்தக் கோப்பில் எந்த பைட் எதைக் குறிக்கிறது என்பதை. அந்த அறிவு அருங்காட்சியகத்தின் உள்மென்பொருளிலும், வணிகச் சொல்செயலியின் இறக்குமதிப் பட்டியலிலும், வேறொரு மொழியில் மறுபடி எழுதிய நிரலிலும் போய்ச் சேர வேண்டும். எத்தனை இடத்தில் வேர் விடுகிறதோ அத்தனை பாதுகாப்பு. அப்பாச்சி 2.0-இலும் கொடுக்கலாம். அதன் சிறப்பு பேட்டன்ட் பற்றிய பிரிவு. ஆனால் பேட்டன்ட் பொதுவாக விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள்தான். 1985-இல் வந்த இயந்திரத்தைப் பொறுத்தவரை அந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்த ஒன்று. அதனால் புரிய எளிதான எம்ஐடியே போதும் என்பது என் கருத்து.

முழு எமுலேட்டர் அல்லது விளையாட்டு இயக்கி என்றால் என் மனம் ஜிபிஎல் பக்கம் சாய்கிறது. ஒரு சில்லின் நேரக் கணக்கைச் சரியாகப் பிடிக்க ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கும். யாரோ அதைத் திருத்தி மேம்படுத்தி விற்றுவிட்டு, திருத்தத்தை மூடி வைத்துக்கொண்டால், அந்தத் திருத்தம் அந்த நிறுவனத்தோடு செத்துப்போகும். நாம் எதை எதிர்த்து வேலை செய்கிறோமோ அதுவே மறுபடி நடக்கும். நின்டென்டோ வீ கருவிக்கு வந்த சில சிறுவர் விளையாட்டுகளுக்குள் ஸ்கம்விஎம் (பழைய சாகச விளையாட்டுகளை ஓட்டும் தன்னார்வலர் திட்டம்) நிரல் சொல்லாமல் பயன்படுத்தப்பட்டிருந்தது 2008-இல் தெரியவந்தது. ஜிபிஎல் இருந்ததால் அந்தத் தன்னார்வலர்களால் கேள்வி கேட்க முடிந்தது, விவகாரம் சமரசத்தில் முடிந்தது.

இரண்டையும் கலந்தும் செய்யலாம். ரெட்ரோஆர்க் என்ற முகப்பு நிரல் ஜிபிஎல் 3. ஆனால் எமுலேட்டர்கள் அதோடு பேசப் பயன்படுத்தும் லிப்ரெட்ரோ இடைமுகக் கோப்பு எம்ஐடி. எந்த உரிமத்தில் உள்ள எமுலேட்டரும் அந்த இடைமுகத்தைப் பயன்படுத்தலாம், முகப்பின் திருத்தங்களும் பொதுவில் நிற்கும். நடுவழி வேண்டுமென்றால் நூலகங்களுக்காகத் தளர்த்திய ஜிபிஎல்லான எல்ஜிபிஎல், அல்லது கோப்பு அளவிலேயே பகிர்வைக் கேட்கும் எம்பிஎல் 2.0 இருக்கின்றன.

உலாவிக்குள் ஓடும் எமுலேட்டருக்கு ஏஜிபிஎல் (மாற்றிய நிரலைச் சர்வரில் ஓட்டி இணையம் வழியாகத் தந்தாலும் மூலநிரலைத் தரச் சொல்லும் ஜிபிஎல் வகை) தேவையா என்று அடிக்கடி கேட்கிறார்கள். உலாவியில் ஓடுகிறது என்றால் நிரலின் ஒரு பிரதி பயனரின் கணினிக்கு வந்துவிட்டது. சாதாரண ஜிபிஎல்லே அங்கு செல்லும். எமுலேட்டர் சர்வரிலேயே ஓடி, படம் மட்டும் பயனருக்கு வருகிறதென்றால்தான் ஏஜிபிஎல் பற்றி யோசிக்க வேண்டும்.

நிரல் அல்லாதவற்றையும் மறக்காதீர்கள். ஃப்ளாப்பி படிக்கும் சர்க்யூட் பலகை வடிவமைத்திருந்தால் அதற்கு சேர்ன் ஆய்வகத்தின் திறந்த வன்பொருள் உரிமம் பொருந்தும். 2020-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் கண்டிப்பானது, நடுத்தரம், தளர்வானது என மூன்று வகை உண்டு. கோப்பு வடிவம் பற்றிய விளக்க ஆவணத்துக்கு கிரியேட்டிவ் காமன்ஸ் பை 4.0 (பெயரைக் குறிப்பிட்டுப் பகிரலாம்), நீங்களே உருவாக்கிய சோதனைக் கோப்புகளுக்கு சிசி0 (உரிமையைத் துறப்பது). ஆனால் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களை நிரலுக்குப் போட வேண்டாம் என்று அந்த அமைப்பே அறிவுறுத்துகிறது.

நான்காம் படி: ‘வணிகத்துக்குக் கூடாது’ என்று எழுத வேண்டாம்

இந்த ஆசை எல்லோருக்கும் வரும். நீங்கள் இரவெல்லாம் கண்விழித்து எழுதிய எமுலேட்டரை, ஆயிரக்கணக்கான விளையாட்டுகளோடு ஒரு பெட்டியில் அடைத்து யாரோ விற்பதைப் பார்த்தால் வயிறு எரியும். அது நியாயமான கோபம். ஆனால் அந்தத் தடை எழுதினால் உங்கள் மென்பொருள் திறமூலமே இல்லை. எந்தத் துறையிலான பயன்பாட்டையும் தடுக்கக் கூடாது என்பது திறமூல வரையறையின் பத்து விதிகளில் ஒன்று. அதைவிட, தடை யாரைத் தடுக்கிறது என்று பாருங்கள். பெட்டி விற்பவர் உங்கள் உரிமத்தைப் படிக்கப்போவதில்லை. நுழைவுக் கட்டணம் வாங்கும் அருங்காட்சியகம் படிக்கும், ‘நாங்கள் செய்வது வணிகமா?’ என்று குழம்பும், பேசாமல் விட்டுவிடும்.

மேம் திட்டத்தின் கதையை நான் புதியவர்கள் எல்லோரிடமும் சொல்வேன். ஆர்கேட் (காசு போட்டு விளையாடும்) இயந்திரங்களைக் காக்கும் இந்தத் திட்டம் 1997-இல் தொடங்கியது. விற்கக் கூடாது, வணிகத்தில் பயன்படுத்தக் கூடாது என்ற சொந்த உரிமத்தோடு நெடுங்காலம் இருந்தது. ஆண்டுகள் போகப் போக அந்தத் தடை திட்டத்துக்கே தடையாகிவிட்டது. மாற்ற வேண்டுமென்றால் இத்தனை ஆண்டுகளில் நிரல் கொடுத்த ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்துச் சம்மதம் வாங்க வேண்டும். அதைச் செய்தார்கள். 2016 மார்ச்சில் முழுத் திட்டமும் ஜிபிஎல் 2 அல்லது பிந்தைய பதிப்பு என்ற உரிமத்துக்கு வந்தது. அதிலும் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட நிரல் தளர்வான மூன்று பிரிவு பிஎஸ்டி. கிட்டத்தட்ட இருபது ஆண்டு வேலையின் உரிமையாளர்களைத் தேடுவது எவ்வளவு பாடு என்று நினைத்துப் பாருங்கள். முதல் நாளிலேயே சரியான வரியை எழுதினால் அந்தப் பாடு இல்லை.

பெயரைக் கெடுப்பார்களே என்ற கவலைக்கு மருந்து வேறு இடத்தில் இருக்கிறது. மேம் என்ற பெயர் பதிவுபெற்ற வணிகக்குறி. நிரலை யாரும் எடுக்கலாம், பெயரையும் சின்னத்தையும் இஷ்டத்துக்குப் பயன்படுத்த முடியாது. சின்னத் திட்டத்துக்குப் பதிவெல்லாம் வேண்டாம், ‘மாற்றி வெளியிடுபவர்கள் வேறு பெயர் வையுங்கள்’ என்று விளக்கக் கோப்பில் ஒரு வேண்டுகோள் போதும்.

சொந்தமாக உரிமம் எழுதும் ஆசையையும் இதோடு சேர்த்து விட்டுவிடுங்கள். சிபி/எம் இயக்குதளத்தின் நிரலைப் பகிர 2001-இல் உரிமையாளர் ஓர் அனுமதி தந்தார். நல்ல எண்ணம்தான், ஆனால் அதன் வாசகம் ஒரே ஓர் இணையதளத்தை மட்டும் குறிப்பதுபோல இருந்தது. மற்றவர்களுக்கும் அது பொருந்துமா என்ற சந்தேகம், 2022-இல் அவர் மறுபடி தெளிவாக எழுதித் தரும்வரை தீரவில்லை. மைக்ரோசாஃப்ட்டும் எம்எஸ்-டாஸின் ஆரம்பப் பதிப்புகளை 2014-இல் ஓர் அருங்காட்சியகம் வழியாகக் கட்டுப்பாடுகளோடுதான் கொடுத்தது. படிக்கலாம், வெளியிட முடியாது. 2018-இல் அதே நிரலை எம்ஐடி உரிமத்தில் மீண்டும் கொடுத்த பிறகுதான் அதை வைத்து மற்றவர்கள் எதையாவது கட்ட முடிந்தது.

ஐந்தாம் படி: ‘அல்லது பிந்தைய பதிப்பு’

ஜிபிஎல் என்று முடிவு செய்தால் இந்த மூன்று சொற்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் கர்னல் போல ‘2 மட்டும்’ என்று வைக்கும் திட்டங்களுக்குத் தங்கள் காரணங்கள் இருக்கின்றன. ஆனால் நம் வேலை நீண்ட காலத்துக்கானது, உரிமங்களும் பழையதாகும். ஸ்கம்விஎம் 2021-இல் ஜிபிஎல் 3-க்கு நகர்ந்தபோது இருபது ஆண்டுப் பங்களிப்பாளர்களைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. இந்தச் சொற்கள் முதலிலிருந்தே இருந்ததுதான் காரணம்.

ஆறாம் படி: எழுதி வையுங்கள்

உரிமத்தின் முழு வாசகத்தையும், ஒரு எழுத்தும் மாற்றாமல், திட்டத்தின் மேல் கோப்புறையில் ‘லைசென்ஸ்’ என்ற பெயரில் வையுங்கள். இணைப்பு மட்டும் கொடுத்தால் போதாது, இணைப்புகள் செத்துப்போகும். அப்புறம் ஒவ்வொரு நிரல் கோப்பின் தலையிலும் இரண்டு வரி: பதிப்புரிமை யாருடையது, எந்த ஆண்டு என்று ஒன்று, எஸ்பிடிஎக்ஸ் என்ற பொதுக் குறியீட்டு முறையில் உரிமத்தின் பெயர் இன்னொன்று. பழைய நிரல்கள் முழுத் திட்டமாகக் கிடைப்பது அரிது. ஒரு கோப்பு மட்டும் எங்கோ ஒரு வட்டில் தனியாகக் கிடக்கும். அன்றைக்கு அதற்குத் துணை அந்த இரண்டு வரிதான்.

இதோடு ஒரு கோப்பைச் சேர்க்கச் சொல்வேன். பெரும்பாலான வழிகாட்டிகளில் இது இருக்காது. ‘இதை எப்படித் தெரிந்துகொண்டேன்’ என்ற குறிப்பு அது. இந்த அட்டவணை எந்தக் கையேட்டின் எந்தப் பக்கம், இந்த நேரக் கணக்கு அசல் இயந்திரத்தில் அளந்தது, இந்தப் பகுதி இன்னொரு திறமூல எமுலேட்டரைப் பார்த்து எழுதியது, அதன் உரிமம் இது என்று எழுதுங்கள். பின்னாளில் யாராவது உரிமை பற்றிக் கேள்வி எழுப்பினால், பதில் உங்கள் நினைவில் இல்லாமல் தாளில் இருக்க வேண்டும்.

ஏழாம் படி: வெளியிடுமுன் வரலாற்றைத் துழாவுங்கள்

சோதனைக்காக ரோம் கோப்பை கிட் களஞ்சியத்தில் (எல்லா மாற்றங்களின் வரலாற்றையும் சேமிக்கும் இடம்) போட்டுவிட்டு அடுத்த நாள் நீக்கியிருப்பீர்கள். அது வரலாற்றில் அப்படியே இருக்கிறது. அடுத்தவர் நிரலும் அப்படித்தான். 2024 செப்டம்பரில் வின்ஆம்ப் என்ற பழைய இசை இயக்கியின் மூலநிரல் வெளியானபோது, உள்ளே மற்றவர்களுக்குச் சொந்தமான நிரல்கள் கிடப்பதைப் பலரும் கண்டுபிடித்தார்கள். அதன் உரிமமும் மாற்றிய பதிப்பைப் பகிரக் கூடாது என்றது. சில வாரங்களிலேயே களஞ்சியம் நீக்கப்பட்டது. வரலாறு சுத்தமாக இல்லை என்று தோன்றினால், புதிய களஞ்சியத்தில் இன்றைய நிலையை மட்டும் வைத்துத் தொடங்குங்கள்.

வெளியிட்ட பின், சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் காப்பகத்தில் உங்கள் களஞ்சிய முகவரியைக் கொடுத்துச் சேமிக்கச் சொல்லுங்கள். பிரான்சின் இன்ரியா ஆராய்ச்சி நிறுவனம் 2016-இல் தொடங்கியது அது. நீங்கள் பயன்படுத்தும் தளம் மூடினாலும் அங்கே ஒரு பிரதி இருக்கும்.

இதையெல்லாம் முதல் வெளியாள் திருத்தம் அனுப்புவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். நீங்கள் ஒருவர் மட்டும் எழுதியிருக்கும்வரை உரிமத்தை நாளைக்கே மாற்றலாம், யாரையும் கேட்க வேண்டாம். இன்னொருவரின் பத்து வரியை ஏற்றுக்கொண்ட பிறகு, அந்தப் பத்து வரிக்கு அவருடைய சம்மதமும் வேண்டும். ஆகவே பங்களிப்பு பற்றிய விளக்கத்தில் ‘அனுப்பும் நிரல் இந்தத் திட்டத்தின் உரிமத்திலேயே வழங்கப்படுகிறது’ என்று ஒரு வரி எழுதுங்கள். லினக்ஸ் கர்னல் 2004 முதல் செய்வதுபோல, ஒவ்வொரு திருத்தத்தோடும் ‘இதைத் தர எனக்கு உரிமை உண்டு’ என்ற கையொப்ப வரியையும் கேட்டு வாங்குங்கள்.